மூலை உடைந்த டோக்கன்

காவேரிப்பாக்கம் யூனிட் ஹாஸ்டல்
16 மார்ச் 2025, ஞாயிறு

கிறிஸ்டி,

இந்தக் காகிதம் உன் கைக்கு எப்படி வந்தது என்று யாரிடமும் சொல்லாதே. ஆம்பூரில் வெட்டிய தோலை இங்கே ஏற்றி வருகிற ஜியாவுதீன் பாய்தான் நமக்குத் தபால்காரர். செவ்வாயும் வெள்ளியும் வருவார். லெட்டர் கொண்டுபோவீர்களா என்று வெள்ளிக்கிழமை கேட்டதும் சிரித்தார். "இன்னாமா, இந்த காலத்துல லெட்டரா? லவ்வா?" என்றார். "போனையே கேட்ல புடுங்கி வெச்சிட்டாங்க பாய், லவ்வு ஒண்ணுதான் கொறச்சல்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போனைத் தருகிறார்கள். வார்டன் சம்பூர்ணம் எதிரில் உட்கார்ந்திருப்பாள், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். அம்மாவிடம் 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுத்ததையே உனக்கும் எழுதுகிறேன். உன்னைக் கேட்டால் நீயும் வார்த்தை மாறாமல் இதையே சொல்.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ஆபீஸ் மட்டும்தான் எழுத முடியும். நாங்கள் கட்டைவிரல் காட்டலாம், கை கூப்பலாம். மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினம் என்று ஹெச்.ஆர். மேடம் ரோஜாப்பூப் படம் போட்டு, 'ஒரு மணி நேரம் எல்லாரும் வாழ்த்து சொல்லலாம்' என்று குரூப்பைத் திறந்துவிட்டார். நான் அந்த டோக்கன் ஸ்டிக்கரைப் போட்டேன். முதலில் போட்டவள் நான்தான். எனக்குப் பிறகு நூற்று நாற்பது பேர் அதையே போட்டார்கள். ஸ்டிக்கர் எனக்கு ஃபார்வர்டில் வந்தது. யார் வரைந்தது என்று தெரியாது.

இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன். இனி எழுதுவது உனக்கு மட்டும்.

கக்கூஸுக்குப் போக லைனுக்கு ஒரு டோக்கன். நாற்பத்தாறு பேருக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. போனவள் திரும்பும்வரை அடக்கிக்கொண்டு ஷூ தைக்க வேண்டும். பன்னிரண்டு லைனிலும் அதே வெள்ளை அட்டைதான். நீ அதை வெறும் வெள்ளை அட்டையாக வரைந்திருந்தால் பன்னிரண்டு லைனையும் சந்தேகப்பட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். நீயோ நம் லைன் ஏழின் டோக்கனை, அதன் உடைந்த மூலையோடு, நாம் ஓட்டை போட்டுக் கோத்த மஞ்சள் நூலோடு வரைந்திருக்கிறாய். மேடம் நேராக நம் லைனுக்கு வந்து அட்டையைக் கையில் எடுத்துப் போனோடு வைத்துப் பார்த்தாளே, அப்போது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

என்னை இங்கே கொண்டுவந்து வைத்திருப்பதற்கு அவர்கள் சொல்கிற பெயர் 'ட்ரெயினிங்'. வரைந்தவள் பெயரைச் சொன்ன மறுநாளே ஆம்பூருக்குப் போகலாமாம். என் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டெல்லாம் அவர்கள் பீரோவில் இருக்கிறது. நான் சொல்ல மாட்டேன். நீ பயப்படாதே.

ஜோதி


ஆம்பூர்
20 மார்ச் 2025

ஜோதி,

உன் கடிதத்தைத் தோல் கட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார் பாய். காகிதத்திலும் அந்த வாடை. நாலு முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். மன்னித்துக்கொள். வைத்திருக்கப் பயம்.

மூலையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். என் வீட்டுக் கம்ப்யூட்டரை நீ பார்த்திருக்கிறாய். மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது, தையல் மெஷின் மேல் உட்கார்ந்திருக்கிறது, சூடானால் தானாக அணைந்துவிடும். அதில் மவுஸைப் பிடித்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். டோக்கனுக்கு எனக்கு இரண்டு ஞாயிறு ஆனது. முதலில் நீ சொல்கிற மாதிரி வெள்ளை அட்டையாகத்தான் வரைந்தேன். பார்த்தால் ரேஷன் கார்டு மாதிரி இருந்தது, கேஸ் புக் மாதிரி இருந்தது. மூலையை உடைத்து நூலைக் கோத்த பிறகுதான் அது டோக்கன் ஆனது. எனக்கு அடிவயிறு வலித்தது, அதைப் பார்த்ததும். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நன்றாக வந்துவிட்டது என்ற திமிர்.

போனில் மூவாயிரத்துச் சொச்சம் எமோஜி இருக்கிறது. ஹை ஹீல்ஸ் இருக்கிறது, பூட்ஸ் இருக்கிறது, பெண்கள் போடும் செருப்பு தனியாக இருக்கிறது. அதைத் தைக்கிறவள் இல்லை. பசை வாடையில் தலை சுற்றும் முகம், லீவு கேட்கப் போகும் முகம், டார்கெட் முடியாத முகம் என்று நான் வரைந்ததெல்லாம் அதனால்தான். நீங்கள் சிரித்தீர்கள், நான் அடுத்ததை வரைந்தேன். இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று நேற்று ஆபீஸ் வாசல் வரை போனேன். அப்பா நினைவு வந்தது. உனக்குத் தெரியும், அதே முதலாளியின் தோல் ஷாப்பில்தான் அவர் தோல் பதனிடுகிற டிரம் ஓட்டுகிறார். ரிடையர் ஆக இன்னும் பதினாலு மாதம். மேடம் லைனில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்தா சைபர் கேஸு. அந்த வீட்ல எத்தினி பேர் நம்ம கம்பெனில இருந்தாலும் எல்லாரும் வெளிய" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவிடம் டோக்கன் கதையை மட்டும் சொன்னேன், வரைந்தது யார் என்று சொல்லவில்லை. "எங்க ஷாப்புல டோக்கன்கூட இல்லம்மா. கால்வாய் ஓரமா நின்னுக்கினு போய்டுவோம். பொம்பளைங்க எப்படித்தான் இருக்கிறீங்களோ" என்றார்.

கொஞ்ச நாள் பொறு. சூடு ஆறட்டும்.

கிறிஸ்டினா


காவேரிப்பாக்கம்
27 மார்ச் 2025

கிறிஸ்டி,

சூடு ஆறட்டும் என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சூடு உடம்பில் இருக்கிறது. நீர்க்கடுப்பு, நாலு நாளாகக் காய்ச்சல்.

இங்கே டோக்கன் இல்லை, இன்னும் முன்னேறிவிட்டார்கள். கக்கூஸ் வாசலில் ரிஜிஸ்டர். பெயர், போன நேரம், வந்த நேரம், கையெழுத்து. ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் பெயர் இருந்தால் மறுநாள் காலை படித்துக் காட்டுகிறார்கள். நேற்று சம்பூர்ணம் என் பெயரைப் படித்துவிட்டு, "இன்னாடி, ஆம்பூர்ல டோக்கன் ஒண்ணுன்னு கலாட்டா பண்ண. இங்க ஏரி மாதிரி திறந்து விட்டிருக்கோம், அதுக்காக ஏரியாவே ஆயிடுவியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் வேறென்ன செய்வது.

ஜன்னலில் இருந்து பார்த்தால் ஹைவேயில் பெங்களூர் பஸ் போகிறது. அதில் ஏறினால் நாட்றம்பள்ளியில் எங்கள் ஊர் ரோட்டு முனையில் இறங்கிவிடலாம். கேட்டுக்கும் பஸ்ஸுக்கும் நூறடிகூட இருக்காது. வாட்ச்மேன் நல்லவர், விடமாட்டார், அவ்வளவுதான்.

உன்னைச் சொல்லச் சொல்லி எழுதவில்லை. உன் அப்பா விஷயம் எனக்குத் தெரியும். நீ வாசல் வரை போனதை மட்டும் இனிமேல் எழுதாதே. உள்ளே போனால் எழுது.

ஜோதி


ஆம்பூர்
14 ஏப்ரல் 2025

ஜோதி,

இரண்டு வெள்ளிக்கிழமை பாயை வெறுங்கையோடு அனுப்பினேன். எழுதவே கை வரவில்லை. இன்று கம்பெனி லீவு. தப்பிக்கக் காரணம் இல்லை, எழுதுகிறேன்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். போச்சு என்று நினைத்தேன். "சர்ச் கிறிஸ்மஸ் போஸ்டர் நீ பண்ணதுதானே? சூப்பர்" என்றார். மே மாதம் நம் ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆட்கள் வருகிறார்களாம். தொழிலாளர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று கேட்டு எண்ணிக்கை கொடுக்க வேண்டுமாம். கேன்டீன் வாசலில் ஒரு டேப், பெரிய போன் மாதிரி. அதில் ஐந்து முகம். சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவள் தன் மனசுக்குப் பட்ட முகத்தைத் தொட வேண்டும். எல்லா யூனிட்டிலும் வைப்பார்கள், அங்கேயும். அந்த ஐந்து முகத்தையும் 'நம்ம கம்பெனிக்குன்னே ஸ்பெஷலா' நான் வரைய வேண்டும்.

முதல் முகத்தைச் சோகமாக வரைந்து காட்டினேன். "அழுவுற மூஞ்சி வேணாம்மா. பையர் பாத்தா ஏன் அழுவுதுன்னு கேப்பான்" என்றார். உதட்டை நேர்க்கோடாக்கினேன். "இதுவும் உம்முனு இருக்குது. கம்மியா சிரிக்கட்டும். அப்படியே போகப் போக ஜாஸ்தியா சிரிக்கட்டும்" என்றார். ஐந்தும் சிரிக்கின்றன, ஜோதி.

அவர் அறையிலேயே எனக்கு ஒரு நாற்காலி. ஏசி. பெரிய ஸ்கிரீன். மவுஸ் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. கக்கூஸ் அந்த அறையிலேயே இருக்கிறது, கேட்கக்கூட வேண்டாம். முதல் நாள் நான்கு தடவை போனேன். நாலாவது தடவை உன் ஞாபகம் வந்தது.

சில சமயம் இது என்னைப் பிடிக்கத்தானோ என்றும் தோன்றுகிறது. என் கையை டோக்கன் படத்தோடு ஒப்பிடுகிறார்களோ என்று வேண்டுமென்றே கோணலாக வரைகிறேன். "பரவால்ல, க்யூட்டா இருக்கு" என்கிறார்.

நான் உள்ளே இருந்தால் உன்னைப் பற்றி நல்ல விதமாகச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கலாம். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

கிறிஸ்டினா


காவேரிப்பாக்கம்
17 ஏப்ரல் 2025

அதற்காகத்தான் என்று எழுதாதே. ஏசிக்காக என்று எழுது, நான் கோபப்பட மாட்டேன். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

நாளைக்குப் பெரிய வெள்ளி. சர்ச்சில் என் பெயரைச் சொல்லி ஜெபம் கிபம் செய்துவிடாதே.

ஜோதி


ஆம்பூர்
4 மே 2025

ஜோதி,

உன்னிடமிருந்து வேறு கடிதம் வரவில்லை. பாயிடம் கேட்டால், "அந்தப் பொண்ணு ஒண்ணும் குடுக்கலமா. கேட்டாக்கா மொறைக்குது. உங்க ரெண்டு பேரால எனக்குத்தான் பேஜார்" என்கிறார். பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் தேதி அங்கே டேப் வரும். ஐந்தாவது முகத்தைப் பார். வாயைத் திறந்து சிரிக்கிற முகம், கீழே 'மிக மகிழ்ச்சி' என்று இருக்கும். முன்பல்லைப் பார். வெள்ளையாக, நீளச் சதுரமாக, இடது மூலை உடைந்திருக்கும். அந்த உடைசலில் ஒரு மஞ்சள் கோடு. பெரிதாக்கிப் பார்த்தால் நூல்.

மேடம் பார்த்தார். "இன்னா இது, பல்லு உடைஞ்சிருக்கு?" "நம்ம ஜனங்க சிரிச்சா இப்படித்தான மேடம் இருக்கும்" என்றேன். "ஐயோ, நேச்சுரல்" என்று சிரித்தார். ஓகே ஆகிவிட்டது. கேன்டீன் சுவரில் நாலடிக்கு அதை பேனராகவும் அடிக்கப் போகிறார்கள். நம் டோக்கன், ஜோதி, நாலடிக்கு!

லைன் ஏழில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் மற்ற லைனில் சொல்லுவார்கள். எல்லாரும் அதைத்தான் தொடப்போகிறார்கள். அங்கே நீ சொல்.

கிறிஸ்டினா


காவேரிப்பாக்கம்
22 மே 2025

கிறிஸ்டினா,

சொன்னேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், நானும்தான் சொன்னேன்.

இங்கே இருநூற்றுப் பத்து பேர். உன் டோக்கன் ஸ்டிக்கர் முன்பே ஞாயிற்றுக்கிழமை போன்களில் சுற்றி வந்திருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். நான் தட்டு கழுவுகிற இடத்தில் ஒவ்வொருத்தியிடமாகச் சொன்னேன். "பல்லப் பாரு." அவ்வளவுதான் சொன்னது. மூன்று நாளும் திருவிழா மாதிரி இருந்தது. வரிசையில் நிற்கும்போதே சிரிப்பு. ஒருத்தி டேப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காய்ச்சலில் படுத்திருந்தவள்கூட எழுந்து வந்து தொட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். சம்பூர்ணத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை.

நேற்றுச் சாயந்திரம் நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த யூனிட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் மிக மகிழ்ச்சி. எல்லா யூனிட்டையும் விட முதலிடம். பரிசாக ஆளுக்கு ஒரு லட்டு. ரிஜிஸ்டர் முறை நல்ல பலன் தந்திருப்பதால் ஆம்பூரிலும் டோக்கனை எடுத்துவிட்டு ரிஜிஸ்டர் வைக்கப் போகிறார்களாம்.

லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவள் கேட்டாள், "ஏன்க்கா, அவங்களுக்கு அந்தப் பல்லு தெரியவே இல்லையா?" தெரியவில்லை. நமக்குத் தெரிந்தது, நாம் சிரித்தோம். அவர்கள் எண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். இனி பையர் வந்தால் யார் என்ன சொன்னாலும் தொண்ணூற்றெட்டு என்று காட்டுவார்கள். அதை நாமே நம் விரலால் தொட்டுக் கொடுத்திருக்கிறோம்.

எனக்கு உன் மேல் கோபம் மூலையை வரைந்ததற்காக இல்லை. நான் உன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்பது உனக்கு வசதியாக இருக்கிறது. அந்த வசதியில் உட்கார்ந்துதான் நீ ஒளித்து ஒளித்து வரைகிறாய். எனக்கு ஒளிய இடமில்லை. ஒவ்வொரு தடவையும் பெயர் எழுதிவிட்டுத்தான் நான் மூத்திரம் போகிறேன்.

படம் போதும்டி. எழுத்தில் எழுது. கீழே உன் பெயரைப் போடு.

ஜோதி


ஆம்பூர்
1 ஜூன் 2025

ஜோதி,

உள்ளே போனேன். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் கேக் வெட்டினார்கள். பையர் ஆட்கள் இரண்டு பேர், முதலாளி மகன், மேடம். பின்னால் நம் நாலடிப் பல். 'இந்த முகங்களை வரைந்தது நம் லைன் பெண்தான்' என்று என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். நான் இரவே காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். படித்தேன்.

"என் பெயர் கிறிஸ்டினா, தகப்பன் பெயர் தேவசகாயம், லைன் ஏழு. மார்ச் எட்டாம் தேதி வந்த டோக்கன் படத்தை வரைந்தது நான். ஜோதி வரையவில்லை. லைனில் நாற்பத்தாறு பேர், டோக்கன் ஒன்று. அவளை எண்பது நாளாக வேறு யூனிட்டில் வைத்திருக்கிறீர்கள். வரைந்தவள் பெயரைச் சொன்னால் அனுப்புவோம் என்றீர்கள். சொல்லிவிட்டேன். அனுப்புங்கள்."

இரண்டாவது வரியை இரண்டு தடவை படித்துவிட்டேன். பையர், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மேடம் சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் சொன்னார், இந்த வாய்ப்புக்கு நன்றி சொல்கிறாள், உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று. அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். அவர்கள் கை தட்டினார்கள். லைன் ஏழில் யாரோ டோக்கனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். பையர் அதைப் பார்த்துக் கையசைத்தார்.

ஆனால் எழுநூறு பேர் கேட்டார்கள். அதை மேடத்தால் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கத்தவில்லை. "இத்தினி நாளா என் ரூம்லயே உக்காந்துக்கினு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "சொன்னா சொன்னதுதான். அவ ஆம்பூர் வரட்டும். அவ கட்டிலு காலியாத்தான இருக்கப் போவுது, நீ போ. போலீஸ் வேணாம், உங்கப்பா வேலையும் போவாது. வேலைய விட்டுட்டுப் போய்ட்டன்னு வையி, அப்ப அப்பாவும் பொண்ணும் சேந்து போங்க."

வேலையை விட்டுவிடு என்று நீ சொல்வாய். அப்பா ரிடையர் ஆக இன்னும் பன்னிரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இத நான் டிவின்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். இன்று காலை என் பையைத் தைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஜியா பாய் வண்டியிலேயே, தோல் கட்டுகளோடு என்னை ஏற்றி அனுப்புகிறார்கள். உன்னைப் பார்ப்பேன் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்டி


காவேரிப்பாக்கம்
5 ஜூன் 2025

கிறிஸ்டி,

பார்க்க மாட்டாய். உன் வண்டி வருவதற்கு முன்னாலேயே காலை பஸ்ஸில் என்னை ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு பேரும் கேட்டில் சந்தித்துவிடக் கூடாதாம். அதனால் இதைத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். பாய்க்கு ஒரு வேலை மிச்சம்.

கட்டில் இடது பக்கம் சாயும், காலுக்கு அட்டை முட்டுக் கொடுத்திருக்கிறேன், எடுக்காதே. மூன்றாவது குழாயில் மட்டும்தான் குடிக்கிற தண்ணீர். நிறையக் குடி. அவர்கள் பெயரைப் படித்துக் காட்டுவார்கள் என்று குறைத்துக் குடித்துத்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது. படிக்கட்டும். நாலு தடவை போனால் நாலு தடவையும் உன் பெயரை நன்றாகத் தெரிகிற மாதிரி எழுது. நான் வந்த முதல் வாரம் கிறுக்கலாக எழுதினேன், அதுதான் தப்பு.

இங்கே இருக்கிறவர்களிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பல் வரைந்தவள் வருகிறாள் என்றேன். ஒருத்தி, "வந்தா நாலு சாத்து சாத்தணும், லட்டு குடுத்து ஏமாத்திட்டாங்க அவளால" என்றாள். இன்னொருத்தி உனக்காக ஜன்னல் பக்கத்து ஆணியை விட்டுக் கொடுத்திருக்கிறாள், பை மாட்டிக்கொள்ள. இரண்டையும் வாங்கிக்கொள்.

எனக்கு விடுதலையான மாதிரி இல்லை. உன் இடத்தில் நான், என் இடத்தில் நீ. ஆள் மாறியிருக்கிறோம், கட்டில் அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை நான் லைன் ஏழில் உட்கார்ந்தால் அங்கேயும் ரிஜிஸ்டர் இருக்கும்.

ஒரு உதவி. உன் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை எழுதிச் செவ்வாய்க்கிழமை பாயிடம் கொடு. உன் அப்பாவை நான் கேட்டுக்கொள்கிறேன். நான் இதுவரை மவுஸைத் தொட்டதில்லை. இந்தக் காகிதத்தின் மூலையில் ரிஜிஸ்டரை வரைந்து பார்த்தேன், செங்கல் மாதிரி வந்திருக்கிறது. சிரிக்காதே. எத்தனை ஞாயிறு ஆனாலும் அதை ரிஜிஸ்டராக ஆக்கிவிடுவேன், கயிற்றில் கட்டிய பேனாவோடு, சம்பூர்ணம் அடிக்கோடு போட்ட சிவப்பு மையோடு.

அதன் பல்லிலோ மூக்கிலோ எதையும் ஒளிக்கப் போவதில்லை. எந்த லைன், எத்தனை பேர் என்று கீழே எழுதுவேன். அதற்கும் கீழே, ஜோதி.